'சைக்ளோன்' என்னும் சொல்: பொருளும் தோற்றமும்

முன்னுரை

வங்கக் கடலில் தோன்றிக் கரையைத் தாக்கும் சுழல்காற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'சைக்ளோன்' என்னும் சொல் கிரேக்கத்திலிருந்து பிறந்ததென்பது பலரும் அறிந்த செய்தி. அச்சொல் கிரேக்க நாட்டில் வழங்கியதன்று. கல்கத்தாவில் புனையப்பட்டது என்பது அந்த அளவுக்குப் பரவவில்லை. இச்சொல்லைப் புனைந்தவர் ஹென்றி பிடிங்டன் (1797–1858). அச்சில் அதற்குக் கிடைக்கும் முதற்சான்று 1848இல் வெளிவந்த அவருடைய மாலுமிகளுக்கான கையேடு.

இச்சொல்லைப் பற்றி வழங்கும் விளக்கங்களில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. புயலின் 'கண்' என்னும் வழக்கை வைத்து, கிரேக்கத் தொன்மத்தின் ஒற்றைக்கண் அரக்கனாகிய 'சைக்ளோப்ஸ்' என்னும் பெயரிலிருந்து இது வந்தது என்பது ஒன்று. 1789ஆம் ஆண்டுக் கொரிங்காப் புயலை நேரிற்கண்டே பிடிங்டன் இப்பெயரை இட்டார் என்பது மற்றொன்று. அவர் பிறந்ததே அதற்கு எட்டாண்டுகள் கழித்து என்பதால் இதனை மறுக்க வேறு சான்று வேண்டியதில்லை. 'வட்டம்' என்பதே இச்சொல்லின் பொருள் எனக் கொள்வது மூன்றாவது. முன்னிரண்டும் எளிதில் விலக்கத்தக்கவை. மூன்றாவது பாதி உண்மையாக இருப்பதனாலேயே சிக்கலானது. பிடிங்டன் 'வட்டம்' என்று சொல்லாதிருக்கவே இச்சொல்லைத் தேடினார் என்பதும், அவர் சொல்லில் விட்டுவைத்த ஐயத்தை அவர் கருவியில் விட்டுவைக்கவில்லை என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன.

சொல்லுக்கு முன்

கடற்புயல் சில நூறு மைல் அகலமுடையது. அதனுள் அகப்பட்ட கப்பலில் நிற்பவன் காண்பது காற்றின் கடுமை, மழை, அலை ஆகியவற்றை மட்டுமே. சுழற்சியை அவன் காண்பதில்லை. பாலை நிலத்தில் சருகைச் சுழற்றும் காற்றை ஒருவன் தொலைவிலிருந்து முழுமையாகக் காணலாம். கடற்புயலை அவ்வாறு காண நிற்குமிடம் அன்று இல்லை. ஆகவே அதற்கு இடப்பட்ட பெயர்கள் கடுமையையோ இடத்தையோ குறித்தன. மேற்கிந்தியத் தீவுகளின் தைனோ மக்கள் மொழியிலிருந்து இசுபானியம் வழியாக வந்தது 'ஹரிக்கேன்'. சீனக் கடலின் காற்றுக்கு 'டைஃபூன்' என்று பெயர். இவையன்றிக் காற்றின் வேகத்தை மட்டும் சுட்டும் பொதுச்சொற்களும் ஆங்கில மாலுமிகளிடையே வழங்கின. ஒரே காற்றை ஒரு கப்பலின் பதிவேடு ஒரு பெயராலும் மற்றொரு கப்பலின் பதிவேடு வேறு பெயராலும் எழுதும் நிலை இதனால் உண்டாயிற்று.

சுழற்சி பற்றிய ஐயம் முன்பே எழாமல் இல்லை. வடகிழக்கிலிருந்து கடுமையாக வீசும் காற்று ஓய்ந்து, சிறிது நேர அமைதிக்குப் பின் தென்மேற்கிலிருந்து அதே கடுமையுடன் திரும்பி வீசுவதை வில்லியம் டாம்பியர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சீனக் கடலைப் பற்றி எழுதினார். சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணிபுரிந்த ஜேம்ஸ் கேப்பர், 1801இல் வெளியிட்ட காற்றுகளும் பருவக்காற்றுகளும் பற்றிய நூலில், அக்கரையைத் தாக்கும் பெருங்காற்றுகள் சுழல்காற்றுகளே என்று வாதிட்டார். பிடிங்டனின் முன்னோடிகளைப் பேசுவோர் அமெரிக்கரையே முதலில் நினைப்பது வழக்கம். கேப்பரின் நூல் தமிழ்நாட்டுக் கடற்கரையின் பட்டறிவிலிருந்து எழுந்தது என்பது இன்னும் போதிய கவனம் பெறவில்லை.

ஐயம் கோட்பாடாக மாறியது அமெரிக்காவில். 1821 செப்டம்பரில் வீசிய புயலுக்குப் பின் கனெக்டிகட் பகுதியில் பயணம் செய்த வில்லியம் ரெட்ஃபீல்டு, ஓரிடத்தில் மரங்கள் ஒரு திசையிலும் அங்கிருந்து சில பத்து மைல் தொலைவில் அதற்கு எதிர்த்திசையிலும் சாய்ந்து கிடப்பதைக் கண்டார். 1831இல் அவர் எழுதிய கட்டுரை புயல் ஒரு பெருஞ்சுழல் என நிறுவ முற்பட்டது. அதே ஆண்டு பார்படோசைத் தாக்கிய புயலுக்குப் பின் அங்கே சீரமைப்புப் பணிக்கு அனுப்பப்பட்ட பொறியியற் படை அலுவலர் வில்லியம் ரீட், ஏராளமான கப்பற் பதிவேடுகளைத் திரட்டி 1838இல் புயல்களின் விதி பற்றிய நூலை வெளியிட்டார். ஜேம்ஸ் எஸ்பி இதற்கு உடன்படவில்லை. காற்று சுற்றுவதில்லை, சக்கரத்தின் ஆரக்கால்கள் குடத்தை நோக்கி நிற்பதுபோல் எல்லாப் பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கிப் பாய்கிறது என்பது அவர் கொள்கை. அமெரிக்க அறிவியலில் இப்பூசல் பல்லாண்டு நீடித்தது. பிடிங்டன் சொல் தேடியது இப்பூசல் தீராத காலத்தில்.

பிடிங்டனும் கப்பற் பதிவேடுகளும்

வணிகக் கப்பல் தலைவராக இருந்து கல்கத்தாவில் தங்கிவிட்ட பிடிங்டன், அங்கே கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் நீதிமன்றங்களின் தலைவராகப் பணியாற்றினார். இப்பதவி அவருடைய ஆய்வுக்கு வெளியே வைத்து எண்ணத்தக்கதன்று. ஒரு கப்பல் மூழ்கினால் அது விதியா, தலைவனின் தவறா என்பது அம்மன்றத்தின் முன் நின்ற கேள்வி. புயலுக்கு ஒழுங்கு உண்டென்றும் அவ்வொழுங்கை அறிந்தவன் நடுவை விட்டு விலகியிருக்கலாம் என்றும் ஆகிவிட்டால், விதி என்னும் விடை தளர்ந்துவிடும்.

ரீட்டின் நூலைப் பின்பற்றி, 1839 சூன் 3 முதல் 5 வரை வங்கக் கடலில் வீசிய புயலைப் பற்றித் தம் முதல் ஆய்வுரையை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அவர் எழுதினார். அவ்வாண்டு நவம்பரில் கோதாவரி முகத்துவாரத்துக் கொரிங்காவை அழித்த புயல் அடுத்து ஆராயப்பட்டது. பின்னர் பதினைந்தாண்டுகளுக்கும் மேலாக இவ்வரிசை தொடர்ந்தது. அவர் கையாண்ட முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. ஒரே நாளில் ஒரே கடலில் இருந்த கப்பல்களின் பதிவேடுகளைத் திரட்டுதல், ஒவ்வொரு கப்பலும் நின்ற இடம், அங்கு வீசிய காற்றின் திசை, பாரமானியின் அளவு ஆகியவற்றை மணிவாரியாக அட்டவணைப்படுத்துதல், அவற்றை ஒரே படத்தில் குறித்தல் என்பன அதன் படிகள். தனித்தனியே எவரும் கண்டிராத சுழல் அப்படத்தில் தெரிந்தது. எனவே 'சைக்ளோன்' கண்டவர் இட்ட பெயரன்று, தொகுத்தவர் இட்ட பெயர். இவ்வகையில் அது ஹரிக்கேன், டைஃபூன் ஆகியவற்றினின்று தோற்றத்திலேயே வேறுபட்டது.

பல கப்பல்களின் சான்றை ஒரே கப்பலே தந்த நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1845 பிப்ரவரியில் மொரீசியசுக்கு அருகே புயலில் அகப்பட்ட 'சார்லஸ் ஹெடில்' என்னும் பாய்க்கப்பல் காற்றின் போக்கிலேயே ஓடி, ஏறத்தாழ ஐந்து நாள்களில் புயலின் நடுவை ஐந்து முறை சுற்றி வந்தது. கப்பலில் இருந்தவர்கள் தாங்கள் நெடுந்தொலைவு ஓடிவிட்டதாகவே எண்ணியிருக்க முடியும். பதிவேட்டைக் கொண்டு வரைந்த பாதை சுருள் சுருளாக அமைந்தது. பிடிங்டன் இதனைத் தனி ஆய்வுரையாகவே எழுதினார்.

கிரேக்க வேர்

1848ஆம் ஆண்டுக் கையேட்டில் பிடிங்டன் காற்றுகளை இரு வகையாகப் பிரிக்கிறார். நேர்கோட்டில் அல்லது ஏறத்தாழ அவ்வாறு வீசும் காற்றுகள் முதல்வகை. ஹரிக்கேன், சுழல்காற்று, ஆப்பிரிக்கக் கரையின் டொர்னாடோ, நீர்த்தாரை முதலாக வட்டமாகவோ மிக வளைந்தோ வீசுவன எல்லாம் இரண்டாம் வகை. இவ்விரண்டாம் வகை முழுமைக்கும் பொதுப்பெயராகவே 'சைக்ளோன்' முன்வைக்கப்பட்டது. அதற்கு அவர் காட்டும் கிரேக்க மூலம் பாம்பின் சுருளையும் குறிக்கும் என்கிறார். காற்றின் சுற்று நிறைவுற்றதாக இருப்பினும் அது மெய்யான வட்டம் என இச்சொல் உறுதி கூறுவதில்லை, வட்டமாக இயங்கும் போக்கை மட்டும் போதிய அளவு உணர்த்துகிறது என்பது அவர் தரும் காரணம்.

கிரேக்கத்தில் 'குக்லோஸ்' என்பது வட்டம், சக்கரம் எனப் பொருள்படும். 'சுற்றுகின்ற' என்னும் பொருளுடைய எச்ச வடிவம் 'குக்லோன்'. சுருண்ட பொருளை, குறிப்பாகப் பாம்பின் சுருளைக் குறிப்பது 'குக்லோமா'. பிடிங்டன் அச்சிட்ட கிரேக்க வடிவம் இவற்றுள் எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை. 'குக்லோமா' அவர் கருதியதாக இருக்கலாம் என்பது அகராதியியலார் கருத்து. கிரேக்கப் புலமையில் அவர் தடுமாறியிருக்கலாம். சொல்லின் பொருளில் அவர் தடுமாறவில்லை. வட்டம் மூடியது, சுருள் உள்நோக்கிச் செல்வது. ரெட்ஃபீல்டின் வட்டத்துக்கும் எஸ்பியின் ஆரக்காலுக்கும் இடையே நிற்கும் வடிவம் சுருள்தான். தீராத பூசலில் எப்பக்கமும் சேராமல் பெயர் மட்டும் இடுவதற்கு இதனினும் தக்க உருவகம் கிடைத்திருக்காது.

'சைக்ளோப்ஸ்' என்னும் பெயரிலும் இதே வேர் உண்டு. வட்டக்கண்ணன் என்பது அதன் பொருள். இரண்டும் உடன்பிறப்புகளே தவிர, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. இதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்ததே வடமொழிச் 'சக்கரம்'. இந்தியில் வழங்கும் 'சக்ரவாத்' பிடிங்டனின் சொல்லை மொழிபெயர்க்கும்போது, பிரிந்துபோன உறவுச்சொல் ஒன்று மீண்டும் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது.

கொம்புத் தகடு

கையேட்டின் ஆங்கிலப் பெயரில் 'கொம்பு' என்னும் சொல் உண்டு. அக்காலத்துச் சிறார் அரிச்சுவடி, கொம்பைச் சீவி எடுத்த மெல்லிய ஒளிபுகு தகட்டால் மூடப்பட்டிருந்தமையால் கொம்புப் புத்தகம் எனப்பட்டது. மாலுமிகளுக்கான அரிச்சுவடி என்னும் குறிப்பும் பிடிங்டனின் பெயரில் அடங்கியிருக்கிறது. ஆனால் அது வெறும் சிலேடையன்று. நூலுடன் ஒளிபுகு தகடுகள் இரண்டு தரப்பட்டன. வடகோளத்துக்கானதில் காற்று இடஞ்சுழியாகவும் தென்கோளத்துக்கானதில் வலஞ்சுழியாகவும் வட்டங்களின்மேல் அம்புக்குறிகளால் காட்டப்பட்டிருந்தது. மாலுமி தன் கடல்வரைபடத்தில் கப்பல் நிற்கும் இடத்தின்மேல் தகட்டை வைத்து, வீசும் காற்றின் திசையும் தகட்டின் அம்பும் ஒத்துவரும்படி நகர்த்தினால், தகட்டின் நடு எங்கு விழுகிறதோ அத்திசையில் புயலின் நடு இருப்பதாகக் கொள்ளலாம். வடகோளத்தில் காற்றை நோக்கி நிற்பவனுக்கு நடு அவன் வலக்கைப்புறம் செங்கோணத்தில் அமையும். செங்கோணம் என்பது திசைகாட்டியின் 32 பிரிவுகளில் எட்டு. ஆகவே இது எட்டுப் பிரிவு விதி எனப்பட்டது.

செங்கோணம் என்பது காற்று மெய்யான வட்டத்தில் சுற்றினால்தான் பொருந்தும். சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது மெய்யான வட்டம் என உறுதி கூறாத பிடிங்டன், தகட்டில் அச்சிட்டவை மெய்யான வட்டங்களே. கப்பல் தலைவனின் கையில் இருந்தது விளக்கமன்று, தகடு. மொரீசியசில் வானாய்வு நடத்திய சார்லஸ் மெல்ட்ரம், 1860களிலும் 1870களிலும் தாம் திரட்டிய பதிவேடுகளைக் கொண்டு, காற்று நடுவை நோக்கிக் கணிசமாக உள்வளைந்தே வீசுகிறது எனக் காட்டினார். அவ்வாறாயின் நடு, எட்டுப் பிரிவில் அன்றிப் பத்து அல்லது அதற்கும் மேற்பட்ட பிரிவுகளுக்கு அப்பால் இருக்கும். எட்டுப் பிரிவு விதியை நம்பி நடுவை விட்டு விலகுவதாக எண்ணிய கப்பல் அதனை நெருங்கிச் செல்லவும் கூடும் என மெல்ட்ரம் எச்சரித்தார். சொல் சரியாகவே இருந்தது. அச்சொல்லின் பெயரால் விற்கப்பட்ட கருவி அச்சொல்லை மீறியது. அறிவியற் கலைச்சொல் வரலாற்றில் பொதுவாகச் சொல்லே கருத்துக்குப் பின்தங்கி நிற்கும். இங்கு நிலை தலைகீழ்.

பிடிங்டனின் மற்றோர் எச்சரிக்கைக்கு இத்தகைய குறை இல்லை. சுந்தரவனப் பகுதியில் மாத்லா ஆற்றங்கரையில் கல்கத்தாவுக்கு மாற்றாகத் துறைமுகம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, 1853இல் தலைமை ஆளுநர் டல்ஹவுசிக்கு வெளிப்படையான மடல் எழுதி, புயலலை அவ்விடத்தை மூழ்கடிக்கும் என எடுத்துரைத்தார். துறைமுகம் கேனிங் என்னும் பெயரில் கட்டப்பட்டது. 1867 நவம்பர் 1ஆம் நாள் புயலலை அதனைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. பிடிங்டன் இறந்து அப்போது ஒன்பதாண்டுகள் ஆகியிருந்தன.

சொல் விரிந்ததும் சுருங்கியதும்

பிடிங்டனின் சொல் விரைவில் அவர் கையை விட்டுச் சென்றது. 1863இல் பிரான்சிஸ் கால்டன், உயர் அழுத்தப் பகுதியில் காற்று எதிர்த்திசையில் சுற்றுவதைக் கண்டு 'ஆன்டி-சைக்ளோன்' என்னும் சொல்லைப் படைத்தார். அதன்பின் 'சைக்ளோன்' என்பது புயலின் பெயராக மட்டும் இராமல், தாழ்ந்த அழுத்தத்தைச் சுற்றிக் காற்று இயங்கும் எந்த அமைப்பின் பெயராகவும் ஆயிற்று. 1919 முதல் நார்வே நாட்டு வானிலையாளர் இடைவெப்ப மண்டலத் தாழ்வழுத்தங்களை ஆராய்ந்தபோது இப்பொருள் நிலைபெற்றது. பிடிங்டன் கருதிய புயலைக் குறிக்க இன்று 'வெப்பமண்டல' என்னும் அடை தேவைப்படுகிறது. ஜான் எலியட் 1890இல் வங்கக் கடல் புயல்களுக்கு எழுதிய கையேட்டின் தலைப்பில் இச்சொல் பெயரடையாக நிற்பதும் நோக்கத்தக்கது.

மக்கள் வழக்கில் நிகழ்ந்தது வேறு. அமெரிக்காவின் நடுப்பகுதி மாநிலங்களில் டொர்னாடோவையே 'சைக்ளோன்' என்றனர். இதனைப் பிழை வழக்கு என ஒதுக்குவோர், பிடிங்டனின் இரண்டாம் வகையில் டொர்னாடோவும் இடம்பெற்றிருந்ததை மறந்துவிடுகின்றனர். மற்றோர் உண்மை இதனினும் கூர்மையானது. இடத்துக்கிடம் மாறும் பெயர்களின் குழப்பத்தை நீக்கவே இச்சொல் புனையப்பட்டது. இன்று அட்லாண்டிக்கில் 'ஹரிக்கேன்', வடமேற்குப் பசிபிக்கில் 'டைஃபூன்', இந்தியப் பெருங்கடலில் 'சைக்ளோன்' எனப் பிரித்து வழங்கும்போது, அதுவும் வட்டாரப் பெயர்களுள் ஒன்றாகிவிட்டது.

புயலும் சூறாவளியும்

தமிழில் இச்சொல்லுக்கு நேராகத் தமிழ்நாட்டில் 'புயல்' என்பதும் இலங்கையில் பெரிதும் 'சூறாவளி' என்பதும் வழங்குகின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது தமிழ்நாட்டார் நினைவில் புயல். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது ஈழத்தவர் நினைவில் சூறாவளி. இரு சொற்களும் பழமையானவை. ஆனால் பிடிங்டனின் சொல்லுக்கு இரண்டும் நிகரல்ல.

பழைய நூல்களில் 'புயல்' மேகத்தையும் மழையையும் குறித்தது. வள்ளுவர் வான்சிறப்பு அதிகாரத்தின் நான்காம் குறளில் (14) உழவரின் வருவாயாகப் புயலைச் சொல்லும்போது அதற்குப் பரிமேலழகர் கொள்ளும் பொருள் மழை. அங்கே புயல் குறைவதுதான் கேடு, மிகுவதன்று. இப்பொருள் மாற்றத்தைக் கருதாமல், பழந்தமிழ்ப் பாடல்களில் 'புயல்' வரும் இடங்களைத் திரட்டிச் சோழமண்டலக் கரையின் புயல் வரலாறு எழுதப் புகுந்தால், மழைக்காலங்கள் எல்லாம் பேரழிவுகளாகிவிடும். சான்று தேட வேண்டிய இடங்கள் வேறு. மதுரைக்காஞ்சி, கட்டுத்தறியை முறித்து எழும் யானைக்குக் கடுங்காற்றால் அலைப்புண்டு சுழியிற்பட்ட நாவாயை உவமை கூறுகிறது. காற்றுக்குக் கடுமையும் நீருக்குச் சுழியும் தரப்பட்டிருப்பது கருதத்தக்கது. அகநானூற்றின் முதற்பாட்டில் சுழன்று வீசும் கடுவளி வருகிறது. அது பாலை நிலத்தின் காற்று. கண்ணுக்குள் அடங்கும் சுழற்சிக்குச் சொல் இருந்தது. கண்ணுக்குள் அடங்காத கடற்புயலின் சுழற்சி, கப்பற்பதிவேடுகளைத் திரட்டும் வழக்கம் இல்லாத எம்மொழியிலும் பெயர் பெறாததில் வியப்பில்லை.

இக்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 'புயல்' என்பது மணிக்கு 62 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட காற்று வேகமுடைய அமைப்புக்கே உரியது. அதற்குக் கீழுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் இடஞ்சுழியாகச் சுழல்வதே. எனினும் அது புயலன்று. ஆகவே தமிழ்ப் 'புயல்' மீண்டும் கடுமையின் பெயர். பாடநூல்கள் இதனை உணர்ந்தே 'சைக்ளோன்' என்பதற்குச் 'சூறாவளி' என்று எழுதினபோலும். ஆனால் சூறை என்பதற்குக் கொள்ளை என்னும் பொருளும் உண்டு. அவ்வழியே கால்டனின் சொல்லை 'எதிர்ச்சூறாவளி' ஆக்கியபோது, தெளிந்த வானும் மெல்லிய காற்றும் உடைய அமைதியான வானிலைக்குச் சூறையாடும் பெயர் அமைந்துவிட்டது. மாணவர் பலர் அதனைப் புயலின் ஒரு வகை எனக் கருதுவது அவர்கள் குற்றமன்று. மலையாளம் 'சுழலிக்காற்று' எனக் கொண்டு சுழற்சியை விடாது காத்தது. தமிழில் இடஞ்சுழி, வலஞ்சுழி என்னும் சொற்கள் காற்றின் திசையைக் கூற ஏற்கெனவே வானிலை நூல்களில் பயன்படுகின்றன. 'சுழி' என்பது பாம்பின் சுருளைப் போலவே வட்டத்தை வற்புறுத்தாமல் உள்நோக்கிய இயக்கத்தைக் காட்டுவதும் ஆகும். கலைச்சொல் குழுக்கள் அடுத்த முறை இப்பதிவுக்கு வரும்போது, 'சூறாவளி', 'எதிர்ச்சூறாவளி' என்னும் இணையை மட்டுமேனும் மறுபரிசீலனை செய்வது தகும்.